அலுவலக வழங்கி இடப்பெயர்வு

அலுவலக வழங்கி இடப்பெயர்வு என்பது, ஓர் அலுவலகத்தின் கணினி வலையமைப்பைப் பல ஆண்டுகளாக நடத்திவந்த பழைய வழங்கியிலிருந்து (சர்வர்) பயனர் கணக்குகள், கோப்புகள், தரவுத்தளங்கள், அச்சுப்பொறி அமைப்புகள் முதலியவற்றைப் புதிய வழங்கி மென்பொருளுக்கு மாற்றும் பணியாகும். பெரும்பாலும் வன்பொருளும் இதனுடன் சேர்ந்தே மாறும். புதிய மென்பொருளை நிறுவும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். பழைய வழங்கி யார் கவனத்துக்கும் வராமல் செய்துகொண்டிருந்த வேலைகளைக் கண்டறிவதும், மாற்றம் சரியாக அமையாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை இறுதிவரை திறந்து வைத்திருப்பதுமே இப்பணியின் பெரும்பகுதி.

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் விசைத்தறி ஜவுளி வணிகர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிகள் ஆகியோரின் அலுவலகங்களில் ஐந்து முதல் இருபது கணினிகள் வரை இருக்கும். அவை அனைத்தும் ஒரே ஒரு வழங்கியை நம்பியிருக்கும். அது நின்றால் ஈடுகொடுக்க இரண்டாவது வழங்கி கிடையாது. தனியாகக் கணினிப் பணியாளரும் இருக்கமாட்டார். பழுது நீக்குபவர் வேறு ஊரிலிருந்து வரவேண்டியிருக்கலாம். பெருநிறுவனங்களுக்காக எழுதப்பட்ட வழிமுறைகள் இத்தகைய இடங்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. இக்கட்டுரை அத்தகைய சிறு அலுவலகத்தைக் கருத்தில் கொண்டு இப்பணியை விளக்குகிறது.

வழங்கி செய்யும் வேலைகள்

சிறு அலுவலக வழங்கி பொதுவாகப் பின்வரும் வேலைகளைச் செய்கிறது.

கோப்புப் பகிர்வு: எல்லாரும் பயன்படுத்தும் கோப்புறைகளைச் சேமித்து, யார் எதைப் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதிகளைக் காத்தல்.

பயனர் சரிபார்ப்பு: பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஒரே இடத்தில் நிர்வகித்தல். விண்டோசு வழங்கிகளில் ஆக்டிவ் டைரக்டரி என்னும் அடைவுச் சேவை இதைச் செய்கிறது. அதை இயக்கும் வழங்கிக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர்.

முகவரி வழங்கல்: ஒவ்வொரு கணினிக்கும் வலையமைப்பு முகவரியைத் தருவது டிஎச்சிபி. பெயரைக் கொண்டு முகவரியைக் கண்டறிந்து தருவது டிஎன்எஸ்.

தரவுத்தளம்: டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவு, எஸ்கியூஎல் தரவுத்தளங்கள்.

இவற்றுக்கு அப்பால், ஆவணத்தில் எழுதப்படாத வேலைகளும் இருக்கும். நள்ளிரவில் தானாக ஓடும் காப்புநகல் நிரல், ஸ்கேனர் படங்களை நேரடியாகக் கொண்டுவந்து சேர்க்கும் கோப்புறை, வருகைப்பதிவுக் கருவி தரவு அனுப்பும் முகவரி ஆகியவை அத்தகையவை. இடப்பெயர்வுக்குப் பிறகு எழும் சிக்கல்களில் பல இவற்றை மறந்ததால் வருபவை.

வழங்கி ஏன் பழையதாகிறது

வழங்கிக்கு இரு வகையில் முதுமை வருகிறது. ஒன்று வன்பொருளின் தேய்மானம்: வன்தட்டு, மின்விசிறி, மின்வழங்கிப் பெட்டி ஆகியவை வெப்பத்தாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் பழுதடையும். மற்றொன்று மென்பொருளுக்கான ஆதரவு முடிதல். இது கண்ணுக்குத் தெரியாது. ஆதரவு முடிந்த மறுநாளும் வழங்கி வழக்கம்போலவே இயங்கும். ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தங்கள் வாரா.

மைக்ரோசாப்டு நிறுவனத்தின் வழங்கி இயக்குதளங்களுக்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு முடியும் நாள்கள் வருமாறு:

விண்டோசு 2000: 2010 சூலை 13
விண்டோசு சர்வர் 2003: 2015 சூலை 14
விண்டோசு சர்வர் 2008, 2008 ஆர்2: 2020 சனவரி 14
விண்டோசு சர்வர் 2012, 2012 ஆர்2: 2023 அக்டோபர் 10
விண்டோசு சர்வர் 2016: 2027 சனவரி 12
விண்டோசு சர்வர் 2019: 2029 சனவரி 9
விண்டோசு சர்வர் 2022: 2031 அக்டோபர் 14

கட்டற்ற மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. செண்ட்ஓஎஸ் 7 லினக்சுக்கான ஆதரவு 2024 சூன் 30 அன்று முடிந்தது. செண்ட்ஓஎஸ் 8, முதலில் அறிவித்த காலத்துக்கு முன்பாகவே 2021 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது.

திருத்தம் பெறாத கணினிக்கு நேரக்கூடியதை 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னக்ரை என்னும் பிணைப்பண நச்சுநிரல் உலகுக்குக் காட்டியது. கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பிலிருந்த ஒரு குறை வழியாக அது கணினிக்குக் கணினி தாவியது. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்டு 2017 மார்ச் 14 அன்றே ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு வெளியிட்டிருந்தது. ஆதரவு முடிந்த விண்டோசு சர்வர் 2003க்கான திருத்தமோ, தாக்குதல் தொடங்கிய பிறகே பொதுவில் தரப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகள் சில பிணைப்பண நச்சுநிரலால் பாதிக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் நடந்த பெரிய இடப்பெயர்வுகள்

சங்கரன்கோவில் மக்களும் அறிந்த இரண்டு அலுவலகங்களில் இத்தகைய மாற்றம் பெரிய அளவில் நடந்துள்ளது.

முதலாவது, பதிவுத்துறை. சார்பதிவாளர் அலுவலகங்கள் ஸ்டார் என்னும் மென்பொருளைக் கொண்டு கணினிமயமாயின. 2018 பிப்ரவரி 12 அன்று இணையவழியில் இயங்கும் ஸ்டார் 2.0 தொடங்கிவைக்கப்பட்டது. அலுவலகத்துக்குள் இயங்கிய மென்பொருளின் இடத்தை மாநிலம் முழுமைக்குமான ஒரே அமைப்பு எடுத்துக்கொண்டது. வில்லங்கச் சான்று பல ஆண்டுப் பதிவுகளைத் தேடித் தரப்படுவது. எனவே புதிய பதிவுகள் புதிய அமைப்பில் சரியாக ஏறுவது மட்டும் போதாது; பழைய பதிவுகள் ஒன்றுகூட விடுபடாமல் வந்து சேரவேண்டும். விடுபட்ட ஒரு பதிவு, ஒருவருடைய நிலத்தின் வரலாற்றில் விழும் ஓட்டை.

இரண்டாவது, அஞ்சல்துறை. அஞ்சலகங்களில் முன்பு மைசூரு அஞ்சல் பயிற்சி மையத்தில் உருவான மேக்தூத் மென்பொருளும், சேமிப்புக் கணக்குகளுக்கான சஞ்சய் போஸ்ட் மென்பொருளும் அந்தந்த அலுவலக வழங்கியில் இயங்கின. பின்னர் சேமிப்புக் கணக்குகள் இன்போசிசு நிறுவனத்தின் பினாக்கிள் என்னும் மைய வங்கி மென்பொருளுக்கு மாற்றப்பட்டன. 2025இல் அஞ்சல் பணிகள் துறையே உருவாக்கிய புதிய மென்பொருளுக்கு மாறின. அதற்கு முதலில் கர்நாடக வட்டத்தில் சோதனை நடந்தது. பிறகு வட்டம் வட்டமாக விரிந்து, 2025 ஆகஸ்ட் 4 அன்று நாடு முழுதும் முடிந்தது. மாற்றம் நடந்த நாளில் அந்தந்த அஞ்சலகங்களில் பரிவர்த்தனைகள் நிறுத்திவைக்கப்பட்டன. இது பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

பத்துக் கணினிகள் கொண்ட அலுவலகமும் இவற்றிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். சிறிய பகுதியில் சோதித்த பிறகே முழுமைக்கும் விரிக்கவேண்டும். மாற்ற நாளில் வேலையை நிறுத்தவேண்டும். இரண்டு அமைப்புகளிலும் ஒரே நேரத்தில் பதிவுகள் நடந்தால் எது சரி என்று பின்னர் கூறமுடியாது. பழைய தரவின் முழுமையைத் தனியே சரிபார்க்கவேண்டும்.

எதற்கு மாறுவது

அதே குடும்பத்தின் புதிய பதிப்பு: விண்டோசு சர்வர் 2012 ஆர்2 வைத்திருப்பவர் 2022க்கோ 2025க்கோ மாறுவது இவ்வகை. பயனர்களுக்குப் பழக்கம் மாறாது. ஆனால் வழங்கி உரிமத்தோடு, அதை அணுகும் ஒவ்வொரு பயனருக்கும் அல்லது கருவிக்கும் அணுகல் உரிமம் தேவை. பழைய பதிப்புக்கு வாங்கிய அணுகல் உரிமங்கள் புதிய பதிப்புக்குச் செல்லா. செலவைக் கணக்கிடும்போது இது பலமுறை விடுபட்டுப் போகிறது.

லினக்சு: டெபியன், உபுண்டு ஆகியவற்றையோ, சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சையோ வழங்கியாக அமைக்கலாம். விண்டோசு கணினிகளுடன் கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா மென்பொருள் பயன்படுகிறது. 2012 டிசம்பரில் வெளிவந்த சாம்பா 4.0 முதல், ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகவும் அது இயங்கும். உரிமச் செலவு இல்லை. ஆனால் பழுது நேர்ந்தால் பார்க்கத் தெரிந்தவர் எட்டும் தொலைவில் இருக்கவேண்டும்.

மேகக் கணிமை: கோப்புகளையும் மின்னஞ்சலையும் இணையவழிச் சேவைக்கு மாற்றுதல். வன்பொருள் பராமரிப்பு இல்லை. ஆனால் மாதக் கட்டணம் தொடரும். இணையம் துண்டிக்கப்பட்டால் வேலையும் நிற்கும். இரண்டாவது இணைய இணைப்பு இல்லாத ஊர்களில் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

பணியின் படிகள்

1. கணக்கெடுப்பு

வழங்கியில் உள்ள பகிர்வுக் கோப்புறைகள், அவற்றின் அனுமதிகள், பயனர் கணக்குகள், மென்பொருள்கள், அவற்றின் உரிம எண்கள், நேரப்படி தானாக ஓடும் நிரல்கள், அச்சுப்பொறிகள், நிலையான முகவரி கொண்ட கருவிகள் ஆகிய அனைத்தையும் பட்டியலிடவேண்டும். வழங்கியை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு பணியாளரிடமும் காலை முதல் மாலை வரை அவர் திறக்கும் கோப்புகளையும் மென்பொருள்களையும் கேட்டு எழுதவேண்டும். மாதம் ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் வேலைகளைத் தனியாகக் கேட்கவேண்டும். மார்ச் இறுதியில் மட்டும் பயன்படும் ஒரு கோப்புறை, சூனில் நடக்கும் கணக்கெடுப்பில் எளிதில் விடுபடும்.

2. காப்புநகல்

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. வழங்கிக்குள் இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவு எழுதப்படும் ரெய்டு அமைப்பு காப்புநகல் ஆகாது. தவறாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுத்தால் அது திறக்காமல் போகலாம். அந்தந்த மென்பொருளின் காப்புநகல் வசதியையே பயன்படுத்தவேண்டும். எடுத்த நகலை வேறொரு கணினியில் மீட்டு, சில கோப்புகளையும் கணக்குகளையும் திறந்து பார்க்கவேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நம்பிப் பழைய வழங்கியில் கைவைக்கக்கூடாது.

3. புதியதைப் பக்கத்தில் நிறுவுதல்

பழைய வழங்கியின் மேலேயே புதிய பதிப்பை நிறுவுவது ஒரு முறை. புதிய வழங்கியைத் தனியே அமைத்துத் தரவை நகர்த்துவது மற்றொரு முறை. முதல் முறையில் இடையில் தவறு நேர்ந்தால் இரண்டும் இல்லாத நிலை வரும். 32 பிட்டு இயக்குதளத்திலிருந்து 64 பிட்டுக்கு அம்முறையில் மாறவும் முடியாது. 2008 ஆர்2 முதல் விண்டோசு சர்வர் 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஒரே வழங்கி உள்ள அலுவலகத்துக்கு இரண்டாவது முறையே ஏற்றது.

ஆக்டிவ் டைரக்டரி உள்ள இடத்தில், புதிய வழங்கியை இரண்டாவது டொமைன் கன்ட்ரோலராகச் சேர்க்கவேண்டும். பயனர் கணக்குகள் தாமாகவே அதற்கு நகலாகும். பின்னர் பழைய வழங்கி வகித்த ஐந்து தலைமைப் பொறுப்புகளையும் புதியதற்கு மாற்றவேண்டும். இதில் பதிப்பு வரிசைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பழைய டொமைன்களில் உள்நுழைவு நிரல்களைப் பிரதியெடுக்க எப்ஆர்எஸ் என்னும் சேவை பயன்பட்டது. விண்டோசு சர்வர் 2019 முதல் அது நீக்கப்பட்டதால், முதலில் டிஎப்எஸ்ஆர் என்னும் புதிய சேவைக்கு மாறிக்கொள்ளவேண்டும். 2025 பதிப்பை டொமைன் கன்ட்ரோலராகச் சேர்க்க டொமைனின் செயல்நிலை குறைந்தது 2016 ஆக இருக்கவேண்டும். எனவே 2012 ஆர்2 மட்டும் உள்ள அலுவலகம் 2025க்கு ஒரே தாவலில் செல்ல முடியாது. இடையில் 2016, 2019, 2022 ஆகியவற்றில் ஒன்றைக் கடந்தே செல்லவேண்டும்.

4. கோப்புகளை நகர்த்துதல்

சுட்டியால் இழுத்து விடும் நகலெடுப்பில் அனுமதிகள் இழக்கப்படும். இடையில் நின்றால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. விண்டோசில் ரோபோகாப்பி, லினக்சில் ஆர்சிங்க் போன்ற கருவிகள் அனுமதிகளையும் தேதிகளையும் சேர்த்து நகலெடுக்கும். மறுமுறை ஓட்டினால் மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும். ஆகவே ஒரு வாரம் முன்பே முழு நகலெடுப்பைச் செய்துவிட்டு, மாற்ற நாளில் எஞ்சிய மாற்றங்களை மட்டும் எடுத்தால் நேரம் பெரிதும் குறையும்.

டேலி போன்ற மென்பொருள்களின் உரிமம் அது இயங்கும் கணினியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். பழைய வழங்கி இயங்கும்போதே உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் புதியதில் செயல்படுத்தவேண்டும்.

5. மாற்ற நாள்

நாளைத் தேர்ந்தெடுப்பது அலுவலகத்தின் வேலைச் சுழற்சியைப் பொறுத்தது. மாதந்தோறும் சரக்கு சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்வோருக்கு 11ஆம், 20ஆம் தேதிகளை ஒட்டிய நாள்கள் ஆகா. மார்ச் இறுதி ஆகாது. ஜவுளி வணிகருக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் ஆகா. சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நாளில் உள்ளூர் விடுமுறை இருப்பதால் அது வசதியாகத் தோன்றலாம். ஆனால் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் ஊருக்குள் வண்டி நுழைவதே கடினம். ஒரு உதிரிப்பாகம் தேவைப்பட்டால் வாங்கிவர முடியாது. சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு முழுவதும் சோதிக்கும் அமைப்பு பல அலுவலகங்களுக்குப் பொருந்தும்.

திரும்பிப் போவதற்கான நேர எல்லையை முன்பே எழுதிவைக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் கணக்கு மென்பொருள் திறக்கவில்லையெனில் பழைய வழங்கிக்கே திரும்புவது என முடிவு செய்துகொள்ளலாம். களைப்பும் பதற்றமும் மிகுந்த நேரத்தில் எடுக்கும் முடிவைவிட முன்னதாக அமைதியாக எடுத்த முடிவு நல்லது.

திங்கட்கிழமை காலையில் அடிக்கடி எழும் சிக்கல் ஸ்கேனர். பழைய பல்பணி அச்சுப்பொறிகள் சில, எஸ்எம்பி முதல் பதிப்பு வழியாக மட்டுமே கோப்புறைக்குப் படம் அனுப்பும். வான்னக்ரை நுழைந்த அதே கதவு என்பதால், புதிய விண்டோசு சர்வர்களில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதை மீண்டும் திறந்துவிடுவது எளிய வழி. ஆனால் மாறியதன் பயனே அதனால் போய்விடும். மின்னஞ்சல் வழி அனுப்புதல், அச்சுப்பொறியின் மென்பொருளைப் புதுப்பித்தல், யுஎஸ்பி வழி எடுத்தல் ஆகியவற்றில் ஒன்றை நாடலாம்.

தமிழ்க் கோப்புகளுக்குரிய சிக்கல்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் காணப்படாத சில சிக்கல்கள் தமிழ் அலுவலகங்களுக்கு உண்டு.

முதலாவது எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுதப்பட்ட ஆவணங்கள் வானவில், பாமினி, டாப், டாம் போன்ற குறியாக்கங்களில் உள்ளன. அவற்றில் தமிழ் எழுத்துகள் வேறு எழுத்துகளுக்கோ குறிகளுக்கோ உரிய இடங்களில் அமர்ந்திருக்கும். கோப்பு பழுதின்றி நகர்ந்தாலும், உரிய எழுத்துரு புதிய கணினியில் இல்லையெனில் பொருளற்ற குறிகளே தெரியும். தரவு கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிடக்கூடாது. பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுக்கவேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. தேவையான ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலக் கோப்பையும் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாவது கோப்புப் பெயரின் நீளம். விண்டோசில் ஒரு கோப்புப் பெயர் 255 குறிகள் வரை இருக்கலாம். லினக்சின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் எல்லை 255 பைட்டு. ஒருங்குறியின் யுடிஎப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு எடுப்பதால், 85 குறிகளே இடம்பெறும். ‘கி’ என்னும் ஓரெழுத்து ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறிகள். ‘க்’ என்பதும் இரண்டு. எனவே கண்ணுக்கு ஐம்பது எழுத்துகள் போலத் தெரியும் பெயரே எல்லையைத் தொட்டுவிடும். கடிதத்தின் பொருள் முழுவதையும் கோப்பின் பெயராக வைக்கும் அலுவலகங்களில், லினக்சுக்கு மாறும்போது இத்தகைய கோப்புகள் நகலாகாமல் நின்றுவிடும். நகலெடுப்புக் கருவியின் பிழைப் பதிவேட்டைப் படித்தால்தான் இது தெரியவரும். முன்னதாகவே நீண்ட பெயர்களைத் தேடிச் சுருக்குவது நல்லது.

சட்டக் கடமைகள்

பழைய தரவை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று. நிறுவனங்கள் சட்டம் கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. சரக்கு சேவை வரிச் சட்டத்தின்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் காக்கவும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் கூறுகிறது. புதிய வழங்கியை அமைக்கும்போதே இவற்றுக்கான இடத்தை ஒதுக்கவேண்டும்.

பழைய வழங்கிக்கு ஓய்வு

மாற்றம் முடிந்ததும் பழைய வழங்கியை உடனே அழிக்கக்கூடாது. வலையமைப்பில் இணைந்தபடியே விட்டுவைக்கவும் கூடாது. முறைப்படி டொமைன் பொறுப்பிலிருந்து விலக்கி, வலையிணைப்பைக் கழற்றி, ஒரு மாதமாவது வைத்திருக்கலாம். மாத இறுதி வேலைகள் ஒருமுறை முழுமையாக நடந்து முடிவதைப் பார்ப்பதற்கே இக்கால அளவு. பொறுப்பிலிருந்து விலக்காமல் அணைத்து வைத்த டொமைன் கன்ட்ரோலரை, பொதுவாக 180 நாள்களுக்குப் பிறகு மீண்டும் இணைக்கக்கூடாது. இடையில் நீக்கப்பட்ட கணக்குகள் அதன் வழியே திரும்ப உயிர்பெறும் வாய்ப்பு உண்டு.

அதன் பிறகு வன்தட்டைத் தரவு மீளாதபடி துடைக்கவேண்டும்; கோப்புகளை நீக்குவதோ விரைவு வடிவமைப்பு செய்வதோ போதாது. வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள் அதில் இருக்கும். பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கவேண்டும்.

கணக்கெடுப்பின்போது எழுதிய பட்டியலைத் திருத்தி, புதிய வழங்கியின் முகவரிகள், உரிம எண்கள், காப்புநகல் இருக்குமிடம் ஆகியவற்றுடன் அச்சிட்டு அலுவலகக் கோப்பில் வைக்கவேண்டும். அதன் பிரதி வழங்கிக்குள் மட்டும் இருந்தால் வழங்கி நின்ற நாளில் பயன்படாது. இன்று நிறுவப்படும் மென்பொருளுக்கும் ஆதரவு முடியும் நாள் உண்டு. அந்த நாளைப் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதிவைத்தால், அடுத்த இடப்பெயர்வைச் செய்பவருக்கு அது உதவும்.